மாசு இடர் மதிப்பீட்டில் மூன்றாவது கட்டம்: ‘ஏற்பி’ வேண்டாம், ‘சேரிடம்’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மாசு இடர் மதிப்பீட்டு அறிக்கைகளைத் தமிழாக்கும்போது பயன்படுத்த மூன்று கலைச்சொற்களைத் தேடிப் பேசிவருகிறோம். முதல் இரண்டு சொற்களில் ஏறத்தாழ கரையேறிவிட்டோம். ஆற்றுக்கோ ஏரிக்கோ கடலோர நீருக்கோ மாசினால் வரக்கூடிய இடரைக் கணிப்பவர்கள் ஆங்கிலத்தில் சோர்ஸ், பாத்வே, ரிசெப்டர் என்று மூன்று கட்டம் போடுகிறார்கள். மாசு எங்கிருந்து கிளம்புகிறது, எப்படிப் போகிறது, யாரை அல்லது எதை எட்டுகிறது என்பவை அந்த மூன்று கேள்விகள். மூன்றுக்கும் விடை இருந்தால்தான் அங்கே இடர் உண்டு என்று கொள்வார்கள். முதலாவதற்குத் ‘தோற்றுவாய்’, இரண்டாவதற்குச் ‘செல்வழி’ என்று பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டிருக்கிறோம். ‘மூலம்’ என்பதை நான் ஏற்காததற்கு ஒரே காரணம்தான். ‘கால்வாய் மூலம் வந்த எண்ணெய்’ என்று எழுதினால் கால்வாய் தோற்றுவாயா, செல்வழியா? தமிழில் ‘மூலம்’ இரண்டு வேலையும் பார்க்கிறது. இந்தத் துறையில் அது ஆகாது.

மூன்றாவது சொல்லில்தான் இழுபறி. அதில் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுக் கருத்துக்கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கத்தை மாநில மொழியிலும் தரவேண்டும் என்கிறது. மீனவக் கிராமத்தில் ஒருவர் கையில் எடுத்துப் படிக்கப்போவது அந்தத் தமிழ்ச் சுருக்கத்தைத்தான். அதில் நாம் இடும் சொல் அவருக்குப் பிடிபடவில்லை என்றால், அவருடைய பெயர் அந்தக் கட்டத்தில் விடுபட்டுப்போனதும் அவருக்குத் தெரியாமல் போகும்.

பொருளைக் கண்முன் வைத்துக்கொண்டு பேசுவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலியின் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் இறங்கியது. அங்கிருந்து கொசஸ்தலை ஆறு, எண்ணூர்க் கழிமுகம், கடைசியில் கடல். கடலில் மட்டும் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருப்பதாகக் கடலோரக் காவல்படை சொன்னது. தோற்றுவாயும் செல்வழியும் இவ்வளவு தெளிவாக அமைந்த நிகழ்வு அரிது. மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது? காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் மக்களை எழுதவேண்டும். கரி பூசியதுபோல் நின்ற படகுகளையும் வலைகளையும் எழுதவேண்டும். அலையாத்தி வேர்களை, சிறகில் எண்ணெய் ஒட்டிப் பறக்கமுடியாமல் நின்ற கூழைக்கடாக்களை, சேற்றுக்குள் இருக்கும் நண்டையும் மட்டியையும் எழுதவேண்டும். ஊர், ஆள், உடைமை, பறவை, மரம், சேற்றில் வாழும் உயிர் ஆகிய இத்தனையையும் ஒரே சொல் தாங்கவேண்டும். இதுதான் நம் முன்னுள்ள சிக்கல்.

இனி, வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> உயிரியலில் ‘ஏற்பி’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. பாடநூலில் இருப்பதை விட்டுப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, உயிரியலுக்கு அது மிகப் பொருத்தமான சொல். அதனால்தான் இங்கே பொருந்தாது என்கிறேன். செல்லின் மேலிருக்கும் இன்சுலின் ஏற்பி, இன்சுலினைப் பற்றிக்கொள்வதற்கென்றே அமைந்தது. எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையத்தின் உலைச்சாம்பலைப் பற்றிக்கொள்வதற்கென்றா அமைந்தது? ‘ஏற்றல்’ என்ற வினையில் இசைவு இருக்கிறது. பொறுப்பேற்றார், அழைப்பை ஏற்றார், தீர்ப்பை ஏற்றார் என்கிறோம். கழிவு நீர் வந்து விழும் ஆற்றை ‘மாசு ஏற்பி’ என்று அரசு ஆவணத்தில் எழுதினால், அந்த ஆறு அதற்குத்தான் இருக்கிறது என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் தானாக ஊறிவிடும். ஆங்கிலச் சொல்லிலும் இந்தக் குறை உண்டு. அந்தக் குறையையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்யவேண்டியதில்லை.

> ‘தாங்கி’ என்றால் என்ன? சுருக்கமாக இருக்கிறது, துன்பத்தைத் தாங்குவது என்ற பொருளும் வருகிறது.

இதற்கு யாழ்ப்பாணத்து நண்பரே விடை எழுதிவிட்டார். இலங்கையில் ‘நீர்த்தாங்கி’, ‘எண்ணெய்த் தாங்கி’ என்றால் தொட்டி. அங்கே ஒரு மதிப்பீட்டில் ‘எண்ணெய்த் தாங்கி’ முதல் கட்டத்தில் வரும். நம் ‘தாங்கி’ மூன்றாவது கட்டத்தில் வரும். படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்ளவேண்டியதுதான். இரு கரையிலும் ஒரே பொருளில் வழங்கும் சொல்லாக இருந்தால் நல்லது. 2021-இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கி, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் கரையெங்கும் ஒதுங்கியதை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒன்று நாளை பாக் நீரிணையில் நேர்ந்தால் இரு பக்கத்துத் தமிழரும் ஒரே அறிக்கையைப் படிக்கவேண்டியிருக்கும்.

> சுற்றிவளைக்காமல் ‘பாதிக்கப்பட்டோர்’ என்றே எழுதலாமே.

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் ‘பாதிக்கப்பட்டோர்’ என்பது நடந்து முடிந்த பிறகு வரும் சொல். நிவாரணப் பட்டியலுக்கு உரியது. இடர் மதிப்பீடு என்பது முன்கூட்டியே பார்ப்பது. குழாய் இன்னும் உடையவில்லை, ஆலை இன்னும் கட்டப்படவே இல்லை. அப்போதே ‘இது உடைந்தால் யாரிடம் போய்ச் சேரும்’ என்று கேட்கிறோம். ‘பாதிக்கப்படக்கூடியோர்’ என்று நீட்டினாலும் ‘-ஓர்’ விகுதி மனிதரோடு நின்றுவிடுகிறது. பங்குனி ஆமைக்கு அதில் இடமில்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. அது ஆமைகள் சென்னைக் கரையில் முட்டையிட வரும் பருவம். அதே கசிவு ஆகஸ்டில் நேர்ந்திருந்தால் மூன்றாவது கட்டத்தில் வேறு உயிர்களை எழுதியிருப்போம். ஆகவே இந்தக் கட்டத்தை நிரப்ப இடமும் காலமும் இரண்டும் தெரியவேண்டும்.

‘படுமுகம்’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடிபடுதல், மாசுபடுதல், கண்படுதல் எல்லாவற்றிலும் இருக்கும் ‘படு’ இங்கே கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் ஏறுமுகம், இறங்குமுகம் என்ற வழக்கு காதில் ஊறிப்போன நமக்குப் ‘படுமுகம்’ என்றதும் ஏதோ சரிவைச் சொல்வதாகத்தான் தோன்றும். மனமில்லாமல்தான் கைவிடுகிறேன். ‘இலக்கு’ என்பதைப் பற்றி ஒரே வரி: இலக்கு என்றால் குறிவைத்தவர் ஒருவர் இருக்கவேண்டும்.

என் பரிந்துரை ‘சேரிடம்’.

ஆத்திசூடி படித்த குழந்தைக்கும் தெரிந்த சொல். ‘இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது?’ என்று ஆற்றங்கரையில் யாரும் கேட்கும் கேள்வியிலிருந்தே இது பிறக்கிறது. தோற்றுவாய், செல்வழி, சேரிடம் என்று மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்றைச் சொன்னால் அடுத்தது தானாக நாவில் வருகிறது. முன்கூட்டியும் சொல்லலாம், நடந்த பிறகும் சொல்லலாம். இசைவையும் ஏற்றிச் சொல்லவில்லை.

> மனிதனும் மீனும் எப்படி ‘இடம்’ ஆவார்கள்?

தமிழில் ஆவார்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஆட்களைத்தானே இலக்கணம் மூவிடம் என்கிறது? ‘கடிதம் அவரிடம் சேர்ந்தது’ என்று அன்றாடம் எழுதுகிறோம். ‘ஈயம் குழந்தைகளிடம் சேர்ந்தது’ என்பதும் பிசகில்லாத தமிழ்தான்.

> ரயில் டிக்கெட்டில் ‘சேருமிடம்’ இருக்கிறதே, குழப்பாதா? அபாயகரமான கழிவை ஏற்றிச்செல்லும் லாரியின் ஆவணத்திலும் அதே சொல் வருமே?

லாரியின் சேருமிடம் ஓட்டுநர் அறிந்து போகும் இடம். அதற்குச் ‘சேருமிடம்’ என்ற நீண்ட வடிவமே இருக்கட்டும். குழப்பம் வரக்கூடிய இடத்தில் ‘மாசு சேரிடம்’ என்று அடை சேர்த்து எழுதலாம்.

இதைவிடக் கனமான கேள்வியைக் கடல்சார் உயிரியல் பயின்ற நண்பர் எழுப்பியிருக்கிறார். மாசு போய்த் தங்கும் இடத்தை ஆங்கிலத்தில் சிங்க் என்கிறார்கள். ஏரியடிச் சேற்றில் உலோகம் படிந்து கிடப்பது அதற்கு எடுத்துக்காட்டு. ‘சேரிடம்’ அதற்கல்லவா பொருந்தும் என்கிறார். நியாயமான கேள்வி. இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். வெறுமனே படிந்து கிடக்கும் இடத்தைப் ‘படிவிடம்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். அந்தச் சேற்றில் வாழும் புழு, அதைத் தின்னும் இறால், இறாலைத் தின்னும் மனிதர் ஆகியோர் சேரிடங்கள். சேறு ஒரு படிவிடம். மழையில் அது கிளறப்பட்டால் அதுவே மீண்டும் தோற்றுவாய் ஆகிவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்று விரிக்கவேண்டும். நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதில் வந்து தேங்கியது. பாசனத்துக்கான நீரே கெட்டுப்போன அந்த நிலையில் அணை வெறும் படிவிடம் அல்ல, ஒரு சேரிடம்; அதை நம்பி விவசாயம் செய்தவர்களின் வயல்களும் சேரிடங்கள். தேங்கிய நீரைத் திறந்துவிட்டபோது அதே அணை, கீழே காவிரி வரைக்கும் உள்ளவர்களுக்குத் தோற்றுவாய் ஆனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. ‘சேரிடம்’ ஒரு பொருளின் இயல்பைச் சொல்லவில்லை. ஒரு கணத்தில் அது நிற்கும் நிலையைச் சொல்கிறது. அதனால் இந்த இடமாற்றத்துக்கு அந்தச் சொல் ஈடுகொடுக்கும். ‘ஏற்பி திறந்துவிடப்பட்டது’ என்று எழுதிப் பாருங்கள், ஒட்டாது.

மூன்றாவது கட்டத்தை மாற்றினால் விடையே மாறிவிடும் என்பதையும் பதிவு செய்கிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், ஆற்றில் இறங்கிக் குளிக்க ஏற்ற நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. காட்டுயிருக்கும் மீன்வளத்துக்கும் 4 மில்லிகிராம் போதும். ஆனால் கட்டற்ற அம்மோனியா லிட்டருக்கு 1.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆக, 4.5 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ள ஒரே நீர், குளிப்பவரைச் சேரிடமாகக் கொண்டால் தோற்கும். மீனைக் கொண்டால் அந்த அளவில் தேறும். நச்சுப்பொருள்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. நீரில் இருக்கக்கூடிய செறிவை, தீங்கு நேராது என்று கருதும் செறிவால் வகுப்பார்கள். விடை 1-ஐத் தாண்டினால் கவலைப்படவேண்டும். வகுக்கும் அந்த எண் யாருடையது? பாசிக்கு உரியதா, நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிருக்கு உரியதா, மீனுக்கு உரியதா? சேரிடத்தைத் தீர்மானிக்காமல் கணக்கே தொடங்காது.

நான் மொழிபெயர்க்கக் கிடைத்த சுருக்கங்களில் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ‘அருகிலுள்ள குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை’ என்று தூரத்தோடு எழுதி முடித்துவிடுகிறார்கள். காற்று மாசுக்கு அது ஓரளவு போதும். நீருக்குப் போதாது. எண்ணூர், பழவேற்காடு பக்கம் இருளர் பெண்கள் உப்பங்கழியில் இறங்கி, அடிச்சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் தேவைப்படுவதால் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பறியிலிருந்து வடியும் நீர் வாய்க்குள்ளும் போகும். தோல் வழியாக, விரல் கீறல் வழியாக, வாய் வழியாக என்று மூன்று செல்வழிகள் ஒரே ஆளிடம் சேருகின்றன. குடியிருப்பு 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற வரியில் இந்தப் பெண் வரவே மாட்டார். அவர் வேலை செய்யும் நீர்ப்பரப்பைக் கேட்கும் சொல்லாக நம் சொல் இருக்கவேண்டும். ‘இங்கே யார் ஏற்பி?’ என்று கூட்டத்தில் கேட்டால் அவர் விழிப்பார். ‘இந்தக் கழிவுக்குச் சேரிடம் எவையெவை என்று எழுதியிருக்கிறார்கள்?’ என்று கேட்டால், தன் பெயர் அதில் இல்லை என்று எழுந்து சொல்வார்.

எளிதில் ஊறுபடக்கூடிய சேரிடங்களுக்குத் தனிச்சொல் கேட்டிருந்தீர்கள். ‘மென்சேரிடம்’ என்பதை முன்வைக்கிறேன். மீன்குஞ்சு வளரும் அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் மணல், குடிநீர் எடுக்கும் ஏரி ஆகியவை அதில் அடங்கும். யாழ்ப்பாண நண்பர் சொன்னதுபோல், சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெட்டிய கிணறுகளையும் அதில் சேர்க்கலாம். அந்தப் பாறையின் வெடிப்புகளில் மாசு தடையின்றி இறங்கிவிடும்.

மறுப்பவர்கள் சொல்லை மட்டும் அனுப்பாமல், அது இடம்பெறும் முழு வாக்கியம் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். ஆற்றுக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று, கடலோரத்துக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது. ‘படிவிடம்’ பற்றி மட்டும் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. நீர்வரத்து நின்ற ஏரியில் படிவிடத்தையும் சேரிடத்தையும் எந்தக் கோட்டில் பிரிப்பது என்று உயிரியல் நண்பர் முதலில் எழுதினால், அதையொட்டி மற்றவர்கள் தொடரலாம்.

அன்புடன்.