கூறைச் சேலை செங்கல் நிறமாக வருகிறது: எந்த நிற அட்டை வாங்கலாம்?

கொக்குவில்_கமெரா:
வணக்கம் அண்ணையாக்கள். நானும் தம்பியும் கலியாணப் படம் எடுக்கிறோம். என்னிடம் கனொன், அவனிடம் நிக்கொன். போன கிழமை இணுவிலில் ஒரு கலியாணம், அரக்குச் சிவப்புக் கூறை. என் படத்தில் அது செங்கல் நிறம், அவன் படத்தில் ரோஸ். பொம்பிளையின் தாய் கூறையைக் கையோடு கொண்டுவந்து அல்பத்துக்குப் பக்கத்தில் விரித்துக் காட்டினா. என்ன சொல்ல?

நிற அட்டையை (அளவு தெரிந்த நிறக் கட்டங்கள் உள்ள அட்டை) படமெடுத்து புரொஃபைல், அதாவது கமெராவின் நிறத்தைத் திருத்துகிற கோப்பு, செய்யலாம் என்கிறார்கள். 24 கட்டமா, 140 கட்டமா? பழைய 24 அட்டை ஒன்று பாதி விலைக்கு வருகிறது. அல்லது இணையத்தில் கிடக்கிற அட்டைப் படத்தை நல்ல தாளில் அச்சடித்தால் போதாதா?

பழைய_ஃபிலிம்காரன்:
தம்பி, அச்சடிக்கிற கதையை முதலில் விடும். பிரிண்டரில் வருகிற எந்த நிறமும் அதே ஒருசில மையின் கலவைதான். கலர்செக்கர் என்கிற அந்த நிற அட்டையில் கட்டத்துக்குக் கட்டம் தனியாகக் கலந்த வர்ணம். அதோடு நீர் அச்சடித்ததன் உண்மையான அளவு உமக்கே தெரியாது.

எஸ்ஜி என்கிற அந்த 140 கட்ட அட்டை கொஞ்சம் மினுங்கும். ஸ்ரூடியோவில் இரண்டு லைட்டை 45 பாகையில் வைத்து ஓவியம் படமெடுக்கிறவனுக்குச் சரி. விறாந்தையில் பிடித்தால் வானம் அதில் விழுந்து கறுப்புக் கட்டம் சாம்பலாகிவிடும். உமக்கு 24 கட்டம் காணும்.

பழைய அட்டை என்றால் திகதி கேளும். 2014 நவம்பரில் வர்ணக் கலவை மாறியது. மென்பொருளிலும் அதற்கேற்ற அளவுக் கோப்பைத்தான் தெரிவுசெய்ய வேண்டும். வெயிலில் கிடந்தது, விரல் அடையாளம் பட்டது எல்லாம் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

என் முதல் புரொஃபைலை நல்லூர்க் கோயில் வீதியில் எடுத்தேன், அந்தச் சிவப்பு வெள்ளைக் கோட்டு மதிலோடு ஒட்டி நின்று. வெயில் நல்ல வெயில்தான். ஆனால் சாம்பல் வரிசையின் மதில் பக்கக் கட்டங்கள் இளஞ்சிவப்பு. அட்டையைத் தலைகீழாகப் பிடித்து இன்னொன்று எடுத்தேன், சிவப்பு மற்றக் கரைக் கட்டங்களுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் மென்பொருளைத் திட்டினேன், பிழை மதிலில். வெட்டவெளியில் நின்று, அட்டையைச் சட்டகத்தின் நடுவில் சிறிதாக வைத்து, ரோவில் (கமெரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடும். கரைகளில் லென்ஸ் இருட்டும்.

வல்வை_அக்கா:
அண்ணை சொன்னது சரி, ஆனால் கூறைக்கு அது மட்டும் போதாது. ரோ கோப்பில் சிவப்பு சனல், அதாவது படத்தின் சிவப்புப் பகுதி, உச்ச அளவைத் தாண்டி வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கோ. வெட்டுப்பட்டதை எந்தப் புரொஃபைலும் மீட்காது. எக்ஸ்போஷரைக் குறைத்து எடுங்கோ. மண்டபத்து மலிவு எல்ஈடிகளில் கடும் சிவப்பே குறைவு, ஆர்9 எண்ணை (கடும் சிவப்பை லைட் எவ்வளவு சரியாகக் காட்டும் என்கிற அளவு) பார்த்தால் விளங்கும். அங்கே அட்டையைத் தனியாக எடுத்து அந்த மண்டபத்துக்கென்றே ஒரு புரொஃபைல் வையுங்கோ.

கொக்குவில்_கமெரா:
புது 24 வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தோட்டத்து வெளியில் காலை பத்து மணிக்கு இரண்டு கமெராவிலும் எடுத்தோம். முதல் தடவை தம்பி பச்சை ரீ-ஷேர்ட்டோடு அட்டையைப் பிடித்திருந்தான். நல்லூர் மதில் கதை ஞாபகம் வந்து, கதிரையில் சாய்த்து வைத்து மறுபடி எடுத்தேன். இப்போது பகல் படங்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

இணுவில் படத்தையும் திறந்து பார்த்தேன் அக்கா. கூறையின் மடிப்பு முழுக்கச் சிவப்பு சனல் வெட்டு. அந்த அம்மாவிடம் சேலையை ஒரு நாள் இரவல் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.