தறிக்கொட்டகையில் பாதிப் பேர் எங்கள் வைஃபையில், இப்போது நானே வெளியே

நகரித்தறி

வணக்கம். நகரி பக்கத்தில் ஏகாம்பரகுப்பத்தில் இருக்கிறோம், வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஆறு தறி ஓடுகிறது. ஃபைபர் போட்டு இரண்டு வருடம் ஆகிறது, இணைப்பு கொடுத்தவர்களே வைத்துவிட்டுப் போன பெட்டிதான் ரவுட்டர். வீட்டில் மூன்று போன், ஒரு டிவி, பெரியவளின் லேப்டாப், அவ்வளவுதான். போன வாரம் அவளுக்கு ஆன்லைன் தேர்வு, பாதியில் திரை சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது, பிள்ளை அழுதுவிட்டாள். ரவுட்டரின் முகவரி 192.168.1.1 போட்டு உள்ளே போய்ப் பார்த்தால் பத்தொன்பது கருவி இருக்கிறது. ரெட்மி, விவோ, பெயரே இல்லாதது நாலைந்து.

மேக் ஃபில்டர் என்று ஒரு இடம் இருந்தது, பட்டியலில் போட்ட கருவிக்கு மட்டும் அனுமதி, மற்றதெல்லாம் வெளியே. சரி, இதுதான் வேண்டியது என்று என் போனில் 'போனைப் பற்றி' பக்கத்தில் இருந்த மேக் எண்ணை, ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்கிற அந்தப் பன்னிரண்டு எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். டிவிக்கும் அப்படியே. சேவ் கொடுத்ததுதான் தாமதம், என் போனே வெளியே போய்விட்டது! டிவி மட்டும் ஜம்மென்று ஓடுகிறது. பெட்டிக்குப் பின்னால் சின்ன ஓட்டை இருக்கிறதே, ஊசி விட்டு அழுத்து என்கிறார் வீட்டுக்காரர். அழுத்தலாமா?

கொட்டகைப் பசங்களை ஒரேயடியாக விரட்டவும் மனசில்லை. ராத்திரியெல்லாம் தறி பார்க்கிறவர்கள்.

கொழிஞ்சாம்பாறை கேபிள்

அக்கா, அந்த ஓட்டையை மட்டும் தொடாதீர்கள். எனக்கு ஃபைபர் இழுக்கிற வேலைதான், இந்த ஊசிக் கதையை மாதத்துக்கு நாலு பார்க்கிறேன். கடையில் வாங்கிய தனி ரவுட்டர் என்றால் பரவாயில்லை. இணைப்பு கொடுத்தவர்கள் வைத்த பெட்டியில் அவர்கள் போட்ட யூசர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் உள்ளே இருக்கும், ரீசெட் அடித்தால் அதுவும் சேர்ந்து போய்விடலாம், அப்புறம் ஆள் வரும்வரை நெட்டே இருக்காது. லேப்டாப்பை லேன் கேபிளில் செருகுங்கள். வைஃபை ஃபில்டர் கம்பியில் வருகிறவரைப் பெரும்பாலும் கேட்பதில்லை, உள்ளே போய் அணைத்துவிடலாம்.

நீங்கள் தட்டியதில் தப்பில்லை. 'போனைப் பற்றி'யில் காட்டுவது போனின் சொந்த எண். ஆனால் ஆண்ட்ராய்டு 10 வந்த 2019லிருந்தும், ஐபோனில் ஐஓஎஸ் 14 வந்த 2020லிருந்தும், போன் அந்த எண்ணை ரவுட்டரிடம் சொல்வதில்லை, ஒவ்வொரு வைஃபைக்கும் தானே ஒரு பொய் எண் வைத்துக்கொள்கிறது. போகிற இடமெல்லாம் யாரும் அந்த எண்ணை வைத்துப் பின்தொடரக் கூடாது என்பதற்காக. உங்கள் டிவி சொந்த எண்ணோடு வந்தது, உள்ளே விட்டது. போன் முகமூடியோடு வந்தது, வெளியே நிற்கிறது. ரவுட்டர் காட்டும் பட்டியலில் பாருங்கள், மேக் எண்ணின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது அநேகமாகப் பொய் எண்தான். பட்டியல் போட்டே தீருவேன் என்றால் அந்த வைஃபை பெயருக்குள் போய் 'பிரைவசி' என்ற இடத்தில் போனின் சொந்த எண்ணுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

சத்தியவேடு 77

எதற்கு இவ்வளவு? வைஃபை பெயரையே மறைத்து வைத்துவிடுங்கள். தெரியாத பெயரில் எவன் வந்து சேருவான்.

கொழிஞ்சாம்பாறை கேபிள்

அண்ணா, ஏற்கெனவே சேர்ந்த பதினான்கு போனிலும் பெயர் பதிந்துதானே இருக்கிறது. மறைத்தால், நம் போன் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போகும், அது இன்னும் கேவலம்.

குப்பம் ராத்திரிக்காரன்

அக்கா, முதலில் ஒன்று கேட்கிறேன், பாஸ்வேர்டு என்ன வைத்திருந்தீர்கள்? இங்கே எழுத வேண்டாம், எந்த மாதிரி என்று மட்டும் சொல்லுங்கள்.

நகரித்தறி

வீட்டுக்காரர் போன் நம்பர். வெளியே லுங்கி மொத்த விற்பனை போர்டில் பெரிசாக எழுதியிருக்கிறது. இப்போதுதான் உறைக்கிறது.

குப்பம் ராத்திரிக்காரன்

நினைத்தேன். மேக் ஃபில்டர் எல்லாம் வாசலில் கட்டிய கயிறு மாதிரி. தடுத்து வைத்த பையன் போனில் ஒரு பட்டனை மாற்றினால் வேறு எண்ணோடு திரும்பி வருவான். அனுமதித்த எண்ணையும் திருடலாம், வைஃபையில் மற்றதெல்லாம் பூட்டிப் போனாலும் அந்த எண் மட்டும் காற்றில் திறந்தபடிதான் போகிறது. பூட்டு என்றால் பாஸ்வேர்டுதான். 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம், உங்கள் வீட்டில் மட்டும் சொல்கிற ஒரு வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாற்றியதும் பத்தொன்பதும் வெளியே போகும், ஐந்தை மட்டும் திரும்பச் சேருங்கள்.

ஆனால் ஒருவன் கையில் போனால் கதை முடிந்தது. ஆண்ட்ராய்டில் ஷேர் கொடுத்தால் கியூஆர் வரும், கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும். அதனால் பசங்களுக்குத் தனியாக கெஸ்ட் நெட்வொர்க் போட்டுக் கொடுங்கள், வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. பெட்டியில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் இரண்டாவது எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) என்று இருக்கும். சில பெட்டியில் வேகத்தைக் குறைக்கவும் நேரம் வைக்கவும் இடம் உண்டு. டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு தட்டாமல் பட்டனிலோ பின்னிலோ சேர்க்கிற வசதி) இருந்தால் அணையுங்கள், அந்த எட்டு இலக்க பின்னைப் பெட்டி இரண்டு துண்டாகச் சரிபார்க்கிறது, 11,000 முயற்சிக்குள் விழுந்துவிடும் என்று 2011லேயே காட்டிவிட்டார்கள்.

நகரித்தறி

நாலு நாள் ஆயிற்று. கேபிள் செருகி ஃபில்டரை அணைத்தேன், பாஸ்வேர்டு மாற்றினேன். கேபிள் தம்பி, ஊசியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். டிவி ரிமோட்டில் இருபத்திரண்டு எழுத்து அடிப்பது இருக்கிறதே, அது தனி தண்டனை. பசங்களுக்கு 'கொட்டகை' என்று தனிப் பெயர், ராத்திரி பதினொன்றுக்கு நின்றுவிடும். பெரியவளுக்கு மறுதேர்வு நேற்று முடிந்தது, ஒரு தடவைகூடச் சுற்றவில்லை.

நேற்று பதினொன்று ஐந்துக்குக் கதவு தட்டுகிற சத்தம். பாவு அறுந்துவிட்டதோ என்று பதறி ஓடினேன். "அக்கா, நெட் போச்சு, தறி நின்னா மாதிரி இருக்கு" என்றான் சின்னவன். பின்னால் ஆறு தறியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.