ஒரே பருவத்தில் ஆறு பாடங்கள்: துணிச்சலா, வீம்பா?

மூன்றாம்பருவம்:
இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது, பதிவுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. தரவு அமைப்புகள், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் மூன்றுக்கும் தலா 3 கிரெடிட் (பாடத்தின் சுமையை அளக்கும் அலகு). இயற்பியல் ஆய்வகத்தோடு சேர்த்து 4. இதுவே 13. இலக்கியம் சேர்த்தால் 16, பொருளாதாரமும் சேர்த்தால் 19. பதினெட்டைத் தாண்ட ஆலோசகரின் ஒப்புதல் வேண்டும். வாரத்தில் 15 மணி நேரம் பகுதி நேர வேலையும் பார்க்கிறேன். ஒப்புதல் கேட்கலாமா?

ஏறுமுகம்:
கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் திட்டப்பணியும் பயிற்சி வேலைக்கான நேர்காணல்களும் ஒன்றாக வந்து நிற்கும். அப்போது பொருளாதாரத்துக்கு எங்கே இடம் தேடுவீர்கள்? ஆறு பாடங்களில் பதிவு செய்யுங்கள், இரண்டு வாரம் வகுப்பில் உட்காருங்கள், பிடிக்காததை விட்டுவிடுங்கள். பாடத்திட்டத்தையும் ஆசிரியரையும் நேரில் பார்க்காமல் வீட்டிலிருந்தே முடிவெடுப்பதைவிட இது மேல்.

நிதானி:
முதல் இரண்டு வாரத்தில் எந்தப் பாடம்தான் கடினமாக இருந்திருக்கிறது? அறிமுகம், பழைய பாடங்களின் மீள்பார்வை என்றே அவை கழிந்துவிடும். சுமை தெரியவருவது இடைத்தேர்வுகள் குவியும் ஏழாம், எட்டாம் வாரத்தில். அதற்குள் சுவடில்லாமல் விலகும் நாள் போயிருக்கும். பிறகு விலகினால் மதிப்பெண் பட்டியலில் குறிப்பு விழும். போதாக்குறைக்கு, விடப்போகும் இடத்தை இரண்டு வாரம் பிடித்து வைத்துக்கொண்டு, அது உண்மையிலேயே தேவைப்படுகிற ஒருவரை வெளியே நிறுத்துகிறீர்கள். 13 போதும்.

மணிக்கணக்கர்:
கிரெடிட்டை விட்டுவிட்டு மணி நேரத்தில் பேசுவோம். அமெரிக்க அரசின் வரையறைப்படி ஒரு கிரெடிட் என்றால் சுமார் 15 வாரப் பருவத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பு. அப்படியானால் 13 கிரெடிட் 39 மணி, 16 என்றால் 48, 19 என்றால் 57. வேலையைக் கூட்டினால் 54, 63, 72. ஐரோப்பியக் கணக்கு வேறு வழியில் வருகிறது: ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி, ஆக மொத்தம் 1500 முதல் 1800. நாற்பது வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்குச் சுமார் 38 முதல் 45. முழுநேர மாணவர் என்றால் ஏறக்குறைய ஒரு முழுநேர ஊழியரின் வாரம் என்பதுதான் இரண்டு கணக்கிலும் உள்ள எண்ணம். 72 அந்த எண்ணத்துக்குள் அடங்குவதாகத் தெரியவில்லை.

ஏறுமுகம்:
அது சராசரி மாணவருக்கான காகிதக் கணக்கு. அணிகளில் (மேட்ரிக்ஸ்) ஏற்கெனவே கை பழகியவருக்கு நேரியல் இயற்கணிதம் ஆறு மணி நேரம் கேட்காது.

மணிக்கணக்கர்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காகிதம் மறுபக்கமும் பொய் சொல்கிறது. ஆய்வகத்துக்கு ஒரே கிரெடிட் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் நிற்க வைக்கிறார்கள். அறிக்கை எழுதும் மாலைப்பொழுது தனி. தரவு அமைப்புகளில் நிரல் ஓடாமல் போனால், பிழை அகப்படும்வரை எழ முடியாது. மூன்று கிரெடிட்டும் மூன்று கிரெடிட்டும் ஒரே எடையல்ல. இந்தப் பட்டியலில் அப்படி நேரத்தை விழுங்குபவை இரண்டு இருக்கின்றன.

நிதானி:
அதைத்தான் சொல்கிறேன்.

மணிக்கணக்கர்:
உங்கள் 13-க்கும் ஒரு விலை உண்டு, நிதானி. பட்டத்துக்கு 120 கிரெடிட், எட்டுப் பருவம் என்றால் பருவத்துக்கு 15. இரண்டு குறைந்தால் பின்னால் ஈடு கட்டலாம். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நடத்தும் பாடத்தைத் தவறவிட்டால், அதை முன்தேவையாகக் கொண்ட அத்தனையும் ஓராண்டு தள்ளிப்போகும். குறைப்பதென்றால் எந்தச் சங்கிலியிலும் இல்லாத பாடத்தைத்தான் குறைக்க வேண்டும். தரவு அமைப்புகளைத் தொடவே கூடாது. அடுத்து வரும் அல்காரிதங்களும் இயங்குதளமும் அதன்மேல்தான் நிற்கின்றன.

நிதானி:
பட்டம் ஒரு பருவம் தள்ளினால் உலகம் கவிழ்ந்துவிடாது.

ஏறுமுகம்:
கட்டணம் கட்டுபவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். சில உதவித்தொகைகள் எட்டுப் பருவத்தோடு நின்றுவிடும். அவசரத்தில் 12-க்குக் கீழே போனால் பல இடங்களில் முழுநேர மாணவர் தகுதியும் போகும். 13 எடுத்தவர் ஒரு பாடத்தை விட்டாலே அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார்! குறைவாக எடுப்பதில் பாதுகாப்பு இருப்பதாக நினைக்கிறீர்கள், அங்கே விலகவே இடமில்லை.

நிதானி:
இது எனக்கு முன்பே தோன்றவில்லை, சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அதுவும் 19-க்கான வாதம் அல்ல, 16-க்கான வாதம். 12 முதல் 18 வரை ஒரே கட்டணம் வாங்கும் கல்லூரியாக இருந்தால் பத்தொன்பதாவது கிரெடிட்டுக்குத் தனியாகப் பணமும் கட்ட வேண்டிவரும்.

ஏறுமுகம்:
சரி, பொருளாதாரத்தை விட்டுத்தருகிறேன். மனமில்லாமல்.

மூன்றாம்பருவம்:
ஒப்புதல் கேட்கப்போவதில்லை, ஐந்து பாடங்கள்தான். வேலையைப் பத்து மணி நேரமாகக் குறைக்க முடியுமா என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். முடியாது என்றால் இலக்கியமும் போகும். அப்போது நான்கில் எதையும் விட முடியாது என்பது புரிகிறது.

ஏறுமுகம்:
இலக்கியத்தை ஏன் விடுகிறீர்கள்? நாள் முழுக்கச் சமன்பாடுகளோடு இருப்பவருக்கு வேறுவிதமாக யோசிக்க வைக்கும் ஒரே வகுப்பு அது. அடுத்த பருவத்திலும் புள்ளியியல் நடக்கிறதா பாருங்கள், அதைத் தள்ளிப்போடலாம்.

மூன்றாம்பருவம்:
நடக்கிறது. காலை எட்டு மணிக்கு.

நிதானி:
அப்படியானால் இப்போதே முடித்துவிடுங்கள்.