திறந்த கைப்பேசியா, மூடிய கைப்பேசியா: மார்த்தாண்டத்து சர்வீஸ் மேசையில் கண்டவை

ஆண்ட்ராய்டு வாங்கலாமா, ஐபோன் வாங்கலாமா என்று என் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும்போது, பெரும்பாலும் விலையும் கேமராவும்தான் அவர்கள் மனத்தில் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவன் என்ற முறையில், அவ்விரண்டையும் பிரிக்கும் கோடு வேறோரிடத்தில் இருப்பதாக நான் நினைக்கிறேன். பணம் கொடுத்து வாங்கிய கருவியில் எந்தச் செயலியை நிறுவலாம், எதை நிறுவக் கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை வாங்கியவரிடம் இருக்கிறதா, விற்றவரிடமே தங்கிவிடுகிறதா என்பதே அந்தக் கோடு. இதைப் பற்றி எங்கோ படித்ததைவிட, மேசைக்கு எதிரே வந்து நின்றவர்களிடமிருந்து நான் அறிந்துகொண்டதே அதிகம். அவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்கிறேன்.

குழித்துறையைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஆண்ட்ராய்டு நம் ஊருக்கு வந்த தொடக்க காலத்தில் ஒரு புதிய கைப்பேசியோடு வந்தார். மஸ்கட்டில் இருந்த மகளுக்குத் தமிழிலேயே எழுத வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அக்காலத்து ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியும். எழுத்துரு இருந்தாலும், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழும். அதற்கும் நம்மவர்கள் வழி கண்டிருந்தார்கள். ஓபரா மினி உலாவியின் உள்ளமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளைப் படங்களாக வரையச் சொல்லும் ஒரு தெரிவை மாற்றினால், இணையப் பக்கங்களிலாவது தமிழ் ஒழுங்காகத் தெரியும். எழுதுவதைப் பொறுத்தவரை, பிறர் உருவாக்கிய விசைப்பலகையை நிறுவிக்கொள்ளும் வசதி 2009 ஏப்ரலில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 1.5 பதிப்பிலேயே இருந்தது. ஐபோனில் அந்த அனுமதி 2014 செப்டம்பரில், அதன் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 8 வெளிவந்தபோதுதான் கிடைத்தது. ஆப்பிள் நிறுவனம் தானாகத் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கும்வரை, ஐபோன் வைத்திருந்த தமிழர்கள் ஒரு தனிச் செயலிக்குள் எழுதி, அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ராய்டு காட்டிய தமிழில் குறை இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறையைச் சரிசெய்ய, ஆண்ட்ராய்டை உருவாக்கும் கூகுளுக்கு வெளியே இருந்த ஒருவருக்கு இடம் இருந்தது. கலிஃபோர்னியாவில் இருக்கும் ஓர் அலுவலகம் நம் மொழியைப் பற்றி நினைக்கும்வரை காத்திராமல், தமிழ் தெரிந்த ஒருவர் தாமே செய்து கொடுக்க முடிந்தது. ஆசிரியரும் மகளுக்கு எழுதினார்.

எனக்கு மிக முக்கியமாகப் படும் அனுபவம் கடற்கரையிலிருந்து வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதி மீனவர்கள் கரைக்கடலோடு நிற்பவர்கள் அல்லர். கொச்சி, மங்களூர் துறைமுகங்களிலிருந்து விசைப்படகில் புறப்பட்டு, பல நாள் தங்கி மீன் பிடிக்கிறவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்பதும், அதனால் இம்மாவட்டத்துக் கடலோர ஊர்கள் இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பின், கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், இந்தியாவின் ககன் செயற்கைக்கோள் அமைப்பு வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கிப் புளூடூத் மூலம் கைப்பேசிக்குத் தரும் ஜெமினி என்ற கருவியை 2019 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. சிக்னல் எட்டாத தொலைவில் செய்தி சொல்லும் கருவிக்கும், அந்தச் செய்தியைத் தமிழில் காட்ட ஒரு கைப்பேசிச் செயலி தேவைப்படுகிறது என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

படகில் ஓட்டுநராக வேலை செய்யும் வள்ளவிளைக்காரர் ஒருவர், தம் தம்பியின் கைப்பேசியைப் பழுது பார்க்கக் கொண்டுவந்திருந்தார். திரையை மாற்றிக் கொடுத்த பிறகு, அதிலிருந்த ஒரு கடல் வரைபடச் செயலியைத் தம் கைப்பேசிக்கும் மாற்றித் தரும்படி கேட்டார். கொச்சியில் பக்கத்துப் படகுக்காரரிடமிருந்து தம்பி வாங்கியது அது. இணையம் இல்லாமலே வேலை செய்வது. பார்கள் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டுகள்) இருக்கும் இடங்களை எல்லாம் அவர்களே அதில் குறித்து வைத்திருந்தார்கள். பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளலாமே என்று நான் சொன்னபோது, “மக்களே, கடலுக்குள்ள போனா ஸ்டோரும் இல்ல, சிக்னலும் இல்ல. பக்கத்து வள்ளத்துக்காரன் தந்தாத்தான் உண்டு” என்றார். ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு ஏ.பி.கே. எனப்படும் நிறுவல் கோப்பாகச் செயலியைக் கொடுத்து வாங்குவது அவருக்குச் சட்ட மீறலாகவோ சாகசமாகவோ தோன்றவில்லை. வலையையும் டீசலையும் படகுக்குப் படகு கொடுத்து வாங்கும் கூட்டத்தாருக்கு அது இயல்பான காரியம். எல்லாச் செயலிகளும் ஒரே கடையின் வழியாக, இணைய இணைப்போடு, ஒரு கணக்கில் நுழைந்துதான் வர வேண்டும் என்று விதித்தால், நடுக்கடலில் இருப்பவருக்கு அந்தக் கடை எப்போதும் அடைத்தே கிடக்கும்.

இனி, இதற்கு நேர் எதிரான அனுபவத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஏ.பி.கே. வழியாகத்தான் திருவட்டாறு பக்கத்தைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் தம் சேமிப்பை இழந்தார். வாட்ஸ்அப்பில் அவருக்குத் தெரிந்தவரின் எண்ணிலிருந்தே ஒரு திருமண அழைப்பிதழ் வந்தது. அந்தத் தெரிந்தவரின் கைப்பேசி முன்பே மோசடிக்காரர்களின் கட்டுப்பாட்டுக்குள் போயிருந்தது. அழைப்பிதழைத் திறக்கிறோம் என்று நினைத்து அவர் நிறுவியது, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும் ஒரு செயலி. கேட்ட இடத்திலெல்லாம் ‘அனுமதி’யை அழுத்தியிருக்கிறார். அதன் பின் வங்கியிலிருந்து வந்த ஓ.டி.பி. எண்கள் அவர் கண்ணில் படும் முன்பே வேறெங்கோ போய்விட்டன. அவருடைய மகன் கைப்பேசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “அண்ணா, இப்படி ஒண்ணைப் போடவே முடியாத போன் ஏதாவது இருந்தா அதை அம்மைக்குக் கொடுங்க” என்றார். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் உடனே புகார் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் நிறுவனங்களின் தரகர்கள் என்று பேசுகிறவர்களை, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசச் சொல்வேன்.

ஆப்பிளின் கடைக்கு வெளியேயிருந்து இப்படிச் செயலி நிறுவ இங்கே இடம் தராத ஐபோனைத்தான் அவருக்கு நான் பரிந்துரைத்தேன். விலை ஒத்துவராதவர்களுக்கு வேறொன்று செய்து கொடுக்கிறேன். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஸ்டோருக்கு வெளியேயிருந்து செயலி நிறுவும் அனுமதி மொத்தக் கைப்பேசிக்கும் ஒன்றாக இல்லாமல், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் அந்த அனுமதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, கேட்டால் கொடுக்கக் கூடாது என்பதை வீட்டில் உள்ள ஒருவரிடமும் சொல்லி அனுப்புகிறேன். கூகுளும் 2024 அக்டோபரில் இந்தியாவுக்கு ஒரு சோதனை முயற்சியை அறிவித்தது: வாட்ஸ்அப், உலாவி போன்ற வழிகளில் வரும் செயலி, குறுஞ்செய்தியைப் படிப்பது போன்ற ஆபத்தான அனுமதிகளைக் கேட்குமானால், கைப்பேசியிலுள்ள கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்ட் அதை நிறுவவிடாமல் தடுக்கும். இதை நான் மனமார வரவேற்கிறேன். திருடன் எந்தக் கதவில் நுழைகிறானோ அந்தக் கதவுக்குக் காவல் போடும் ஏற்பாடு இது; வீட்டுக்காரரின் சாவியையே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அன்று.

ஐபோன் போன்ற மூடிய அமைப்பின் பெருமையில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2013இல் விற்பனைக்கு வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. அதே ஆண்டில் வாங்கிய ஆண்ட்ராய்டுகளுக்கு இரண்டு ஆண்டு அப்டேட் கிடைத்திருந்தாலே பெரிது. வன்பொருளும் மென்பொருளும் ஒரே கையில் இருப்பதன் பலன் அது. அண்மைக் காலத்தில்தான் பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 போன்ற விலை உயர்ந்த ஆண்ட்ராய்டுகளுக்கு ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக உறுதி சொன்னார்கள். பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசி வாங்குகிறவருக்கு அந்த உறுதி இல்லை, என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம்.

அப்படிப்பட்ட ஒரு கைப்பேசியைக் கருங்கல்லைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கொண்டுவந்தார். நல்ல நிலையில் இருந்தது. தயாரித்தவர்கள்தாம் அப்டேட் அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். வேறு இயங்குதளம் ஏறவிடாமல் காக்கும் பூட்டான பூட்லோடரைத் திறந்து, ஆண்ட்ராய்டின் மூலநிரலிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கிப் பராமரிக்கும் லினியேஜ் ஓ.எஸ். என்ற இயங்குதளத்தை அதில் நிறுவினோம். கைப்பேசி புதிய பாதுகாப்புத் திருத்தங்களோடு விறுவிறுப்பாக ஓடியது. ஆனால் அவருடைய வங்கியின் செயலி திறக்க மறுத்துவிட்டது. கைப்பேசியில் இருப்பது கூகுளின் சான்று பெற்ற அமைப்புதானா என்று செயலிகள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு; அந்தச் சோதனையில் இது தேறவில்லை. பல ஆண்டுகளாகத் திருத்தமே பெறாத பழைய அமைப்பு தேறுகிறது, நேற்று திருத்தம் பெற்ற அமைப்பு தேறவில்லை. இதை அந்த மாணவருக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் விளக்க என்னால் இயலவில்லை. பணம் அனுப்ப வேறு கைப்பேசி இல்லாததால், பழைய அமைப்பையே மீண்டும் போட்டுக் கொடுத்தேன்.

ஆண்ட்ராய்டு திறந்தது என்று நாம் சொல்வதற்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி இதுதான். அடிப்படை மூலநிரல், அதாவது அதை எழுதிய நிரல் வரிகள், யாருக்கும் கிடைக்கும். அதன்மேல் அமர்ந்திருக்கும் பிளே ஸ்டோரும், பல செயலிகள் சார்ந்திருக்கும் பின்னணிச் சேவையான பிளே சர்வீஸும் கூகுளுக்கு மட்டும் சொந்தம். அவை வேண்டுமென்றால் கூகுளின் ஒப்பந்தங்களில் தயாரிப்பாளர் கையெழுத்திட வேண்டும். இந்தியப் போட்டி ஆணையம் இதை ஆராய்ந்து, 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதி செய்தாலும், ஸ்டோருக்கு வெளியே செயலிகளை வழங்குவதைத் தடுக்கக் கூடாது என்ற உத்தரவு உட்படச் சிலவற்றை நீக்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, எண்ணிமச் (டிஜிட்டல்) சந்தைகள் சட்டத்தின்படி 2024 மார்ச் முதல் ஐபோனிலேயே வேறு செயலிக் கடைகளை வைத்துக்கொள்ளலாம். பாரிஸில் உள்ளவர் கையில் இருக்கும் அதே ஐபோன்தான் நாகர்கோவிலில் உள்ளவர் கையிலும் இருக்கிறது. உரிமை மட்டும் அவருக்கு ஒன்று, இவருக்கு ஒன்று.

இப்போது என்னை மிகவும் கவலைப்படுத்துவது 2025 ஆகஸ்டில் கூகுள் வெளியிட்ட அறிவிப்பு. செயலி எழுதுகிறவர், அதைப் பிளே ஸ்டோருக்கு வெளியே கொடுத்தாலும்கூட, தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையெனில் கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டுகளில் அது நிறுவப்படாது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் கொண்டுவருவதாகத் திட்டம். எதிர்ப்பு எழுந்த பின், 2025 நவம்பரில், விவரம் அறிந்தவர்கள் எச்சரிக்கையைக் கடந்து நிறுவிக்கொள்ள ஒரு வழி வைப்பதாகவும், மாணவர்களுக்கு எளிமையான தனிக் கணக்கு தருவதாகவும் சொன்னார்கள்.

தக்கலைக்காரக் கல்லூரி மாணவர் ஒருவர் இந்த அறிவிப்பைப் படித்துவிட்டு என்னிடம் பேச வந்தார். குலசேகரம் பக்கம் அவருடைய மாமாவுக்குச் சிறிய ரப்பர் தோட்டம் இருக்கிறது. ரப்பர் பால் விற்கும்போது, எடையையும் அதிலுள்ள உலர் ரப்பரின் விழுக்காட்டையும் அன்றைய விலையையும் வைத்து எவ்வளவு வர வேண்டும் என்று கணக்கிடும் ஒரு செயலியை மாமாவுக்காக எழுதினார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அது எந்தக் கடையிலும் இல்லை. அதில் விளம்பரமும் இல்லை, எவருடைய தகவலையும் அது எடுப்பதும் இல்லை. “நம்ம மாமாவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்க நான் எதுக்கு ஒரு கம்பெனிகிட்ட அடையாள அட்டையைக் காட்டணும்?” என்று கேட்டார்.

மோசடிக்காரரை அடையாளம் காண வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. செவிலியர் அம்மாவுக்கு நேர்ந்ததைப் பார்த்தவன் நான். ஆனால் வாடகைக்கு அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் வாங்கி மோசடி செய்கிறவர்களுக்கு, இன்னோர் அடையாள அட்டை வாடகைக்குக் கிடைக்காமல் போகாது. தடைபடுவது இந்த மாணவரைப் போன்றவர்களும், மூலநிரல் வெளிப்படையாக இருக்கும் செயலிகளைத் தரும் எஃப்-டிராய்ட் போன்ற திறந்தமூலக் களஞ்சியங்களும்தான். எஃப்-டிராய்டில் பெரும்பாலான செயலிகளை அந்தக் குழுவினரே மூலநிரலிலிருந்து கட்டமைத்துத் தங்கள் கையொப்பத்தோடு தருகிறார்கள். ஒவ்வொரு செயலியின் பெயரும் கையொப்பமும் எழுதியவரின் அடையாளத்தோடு கூகுளிடம் பதிவாக வேண்டும் என்றால் அந்த முறையே நிலைக்காது என்று அவர்கள் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்.

எச்சரிக்கையைக் கடந்து நிறுவும் வழி எத்தனை படிகள் கொண்டதாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. தயங்கவைக்கட்டும், இரண்டு முறை கேட்கட்டும், குறுஞ்செய்தியைத் தொடும் செயலி என்றால் இன்னும் கடுமையாக இருக்கட்டும். அந்தப் படிகளின் முடிவில், இணையம் இல்லாத இடத்திலும், எவரிடமும் பதிவு செய்யாத ஒரு செயலியை உரிமையாளர் தம் பொறுப்பில் நிறுவிக்கொள்ள முடிய வேண்டும். வள்ளவிளைக்காரர் பக்கத்து வள்ளத்திலிருந்து செயலி வாங்குவது அப்போதுதான் தொடரும். தக்கலை மாணவரிடம், மாணவர் கணக்கு வந்தால் பதிவு செய்வதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யட்டும் என்றும், மூலநிரலை இப்போதே எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டு வைக்கட்டும் என்றும் சொன்னேன். அடுத்த வாரமே வெளியிட்டுவிட்டார். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்திலிருந்து அந்தச் செயலியைக் கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது என் கடையிலேயே நிறுவிக் கொடுக்கிறோம்.