பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு ஏ.ஆர். கருவிகள்: நன்கொடைப் பணத்தை எதில் செலவிடலாம்?

கேள்வி (அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்)

வணக்கம். நான் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். எங்கள் முன்னாள் மாணவர்கள் ஆய்வகத்துக்காக 40,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஏ.ஆர். எனப்படும் மிகை மெய்ம்மைக் கருவிகளை (கேமராவில் தெரியும் காட்சியின் மேல் கணினி உருவங்களைப் பொருத்திக் காட்டுபவை) வாங்க வேண்டும் என்பது அவர்களுள் சிலருடைய விருப்பம். சென்ற வாரம் ஒரு விற்பனையாளர் வந்து, அச்சிட்ட அட்டை ஒன்றின் மேல் டேப்லெட்டைப் பிடித்தார். அட்டையிலிருந்து ஓர் இதயம் எழும்பித் துடித்தது. தலைமையாசிரியர் முதல் அலுவலக உதவியாளர் வரை எல்லோரும் வாய் பிளந்து நின்றோம்.

ஆனால் என் வகுப்பில் 46 பேர் இருக்கிறார்கள். பாடவேளை 40 நிமிடம். அவர் சொன்ன விலைக்கு இரண்டு டேப்லெட்டுகள்தான் வரும். எங்கள் ஆய்வகத்திலோ ஒழுங்காக வேலை செய்யும் நுண்ணோக்கி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. திரையில் ஓர் உறுப்பைச் சுழற்றிப் பார்ப்பதைச் செய்முறை என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா? எந்தப் பாடங்களுக்கு இது உண்மையாகவே உதவுகிறது? வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1 (உயிரியல் ஆசிரியை)

ஐயா, நீங்கள் இதயத்தைச் சொன்னதால் அதைப் பற்றியே எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பாடத்தை நான் இரண்டு வழிகளிலும் நடத்திவருகிறேன்.

முதல் ஆண்டு ஏ.ஆர். செயலியை மட்டும் காட்டினேன். மாணவர்கள் மிகவும் மகிழ்ந்தார்கள். அடுத்த வாரம் படம் வரையச் சொன்னபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் நம் உடலுக்குள் நீல நிறத்தில் ஓடுகிறது என்று பாதிப்பேருக்கு மேல் நம்பியிருந்தார்கள், ஏனென்றால் செயலியில் அது பளிச்சென்ற நீலமாக இருந்தது. பாடநூல் படத்திலும் நீலம்தான். ஆனால் படத்தைப் படமாகப் பார்க்கும் பிள்ளைகள், மேசைமேல் துடிப்பதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மாணவி, "டீச்சர், பூசணிக்காய் அளவு இருக்கிற இதயம் நெஞ்சுக்குள் எப்படி அடங்கும்?" என்று கேட்டாள். திரையில் பெரிதாக்கிக் காட்டியது நான்தான். அவரவர் கைமுட்டியை மடக்கிப் பார்க்கச் சொல்ல மறந்ததும் நான்தான்.

மறு ஆண்டு முதலில் கறிக்கடையிலிருந்து ஆட்டு இதயங்கள் ஐந்து வாங்கிவந்தேன். இரத்தக் குழாய்களை ஒட்ட நறுக்காமல் இரண்டு விரல் நீளம் விட்டுத் தரும்படி முந்தின நாளே கடைக்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும், இல்லையென்றால் பெருந்தமனியே இல்லாத இதயம்தான் கிடைக்கும். கழுவிய இதயத்தின் பெருந்தமனி வாயில் சிறிது நீரை ஊற்றினால், அரைச்சந்திர வால்வுகள் மூடிக்கொண்டு நீரை உள்ளே விடாமல் நிறுத்துகின்றன. நீளவாக்கில் அறுத்த பிறகு, இடது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) சுவரையும் வலது வெண்ட்ரிக்கிளின் சுவரையும் விரல்களுக்கு இடையே வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னேன். ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு தடிமன் என்ற கேள்வி மாணவர்களிடமிருந்தே வந்தது. நுரையீரல் வரைக்கும் தள்ளுவதற்கும் கால் பெருவிரல் வரைக்கும் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே சொன்னார்கள். எந்தச் செயலியும் அந்தத் தடிமனைக் கைக்குக் கொடுக்காது. (தொட விரும்பாத பிள்ளைகளை வற்புறுத்துவதில்லை, அவர்கள் குறிப்பெடுப்பார்கள்.)

ஆனால் கறிக்கடை இதயம் துடிக்காது. ஆரிக்கிள்கள் (மேலறைகள்) முதலில் சுருங்க, அதன் பிறகு வெண்ட்ரிக்கிள்கள் சுருங்குகின்றன என்ற வரிசை, 0.8 நொடிக்குள் முடிந்துவிடும் ஒரு சுழற்சி. அதை மெதுவாக ஓட்டிக் காட்ட அசைவுப்படம்தான் வேண்டும். அறுத்துப் பார்த்த மறுநாள் செயலியைக் காட்டினேன். "இந்த வால்வில்தானே நேற்றுத் தண்ணீர் நின்றது" என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். எனவே என் கருத்து: கைவேலை முதலில், ஏ.ஆர். அதன் பிறகு, அதுவும் கையால் தொட முடியாததற்கு மட்டும்.

பதில் 2 (மென்பொருள் துறை, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்)

வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஏ.ஆர். செயலிகளில் இரண்டு வகை உண்டு. அச்சிட்ட அட்டையையோ கனசதுரத்தையோ கேமரா அடையாளம் கண்டு அதன் மேல் உருவத்தை நிறுத்துவது ஒரு வகை. இதற்குச் சுமாரான பழைய கைப்பேசியே போதும். அட்டை இல்லாமல் மேசையையோ தரையையோ கண்டறிந்து உருவத்தை வைப்பது மற்றொரு வகை. ஆண்ட்ராய்டில் இது பெரும்பாலும் கூகுளின் ஏ.ஆர்.கோர் வசதியை நம்பியிருக்கிறது. அந்த வசதி எல்லாக் கைப்பேசிகளிலும் இயங்காது. எந்தெந்த மாடல்களில் இயங்கும் என்ற பட்டியலைக் கூகுளே வெளியிட்டிருக்கிறது. விற்பனையாளர் சொல்லும் டேப்லெட் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எங்கள் பள்ளியில் அட்டைகளை லேமினேட் செய்தோம். குழல்விளக்கின் வெளிச்சம் பளபளப்பில் பட்டுத் தெறித்ததால் கேமராவுக்கு அட்டையே தெரியவில்லை. சாதாரணத் தாளில் அச்சிட்டு அட்டையில் ஒட்டியதும் சரியாகிவிட்டது. இரண்டாவது வகைச் செயலி வழவழப்பான வெள்ளை மேசையில் தடுமாறும், ஏனென்றால் பற்றிக்கொள்ளப் புள்ளிகளோ கோடுகளோ அங்கே இல்லை. ஒரு பழைய செய்தித்தாளை விரித்துப் பாருங்கள், உருவம் ஆடாமல் நிற்கும்.

இன்னொன்று, ஒரே நிறுவனத்தின் செயலியை நம்பி ஆண்டு முழுவதற்குமான பாடத்திட்டத்தை எழுதிவிடாதீர்கள். மாணவர்களை மெய்நிகர் சுற்றுலா அழைத்துச் செல்லும் கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற செயலியைப் பல நாட்டுப் பள்ளிகள் பயன்படுத்திவந்தன. 2021 ஜூன் மாதத்தோடு அது நிறுத்தப்பட்டது.

பதில் 3 (புவியியல் ஆசிரியர்)

மேலே உள்ள இருவரும் திரைக்குள் இருக்கும் ஏ.ஆர். பற்றியே பேசுகிறார்கள். கைவேலையும் ஏ.ஆரும் பிரியாமல் இருக்கும் ஓர் ஏற்பாடும் உண்டு, மணல்தொட்டி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆலிவர் கிரைலோஸ் உருவாக்கிய இதன் மென்பொருள் இலவசம். தொட்டிக்கு மேலே ஆழத்தை அளக்கும் கினெக்ட் கேமராவும் ஒரு புரொஜெக்டரும் இருக்கும். மாணவர் மணலைக் குவித்தால், குவியலின் மேலேயே சம உயரக் கோடுகளும் உயரத்துக்கேற்ற நிறங்களும் விழும். பள்ளம் தோண்டினால் கோடுகள் உடனே நகரும். மணலுக்கு மேலே கையை விரித்துப் பிடித்தால் அந்த இடத்தில் மழை பெய்து, நீர் சரிவில் ஓடித் தேங்குவதுபோல் காட்டும். ஒரே நேரத்தில் பல கைகள் மணலில் இருக்கலாம், யாரும் திரைக்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் தொகைக்கு இது சரிவராது. நல்ல வரைகலைத் திறனுள்ள கணினி வேண்டும், புரொஜெக்டர் வேண்டும். கினெக்ட் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2017இலேயே நிறுத்திவிட்டதால் பழைய பொருள் விற்பவர்களிடம்தான் தேட வேண்டும். பல பள்ளிகள் சேர்ந்து ஒன்று அமைத்தால் பொருந்தும்.

அதுவரை நான் செய்வது இதுதான். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் களிமண்ணால் மலை செய்து, இரண்டு இரண்டு சென்டிமீட்டராக நீரை ஏற்றி, ஒவ்வொரு முறையும் நீர்மட்டம் தொடும் விளிம்பில் ஈர்க்குச்சியால் கோடு கீறச் சொல்வேன். நீரை வடித்துவிட்டு மேலிருந்து பார்த்தால் சம உயரக் கோடுகள் தெரியும். செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கியிருப்பதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. விற்பனையாளரிடம் டேப்லெட்டின் மாடல் எண்ணைக் கேட்டேன்; இன்னும் பதில் இல்லை. நேற்று என் சொந்தக் கைப்பேசியில், இலவசச் செயலி ஒன்றோடு காந்தப்புலப் பாடத்தை முயன்று பார்த்தேன். முதலில் சட்டக் காந்தத்தின் மேல் தாளை வைத்து, ஒவ்வொரு குழுவும் இரும்புத்தூளைத் தூவித் தட்டியது. பிறகு செயலியில் அதே கோடுகள் காந்தத்தைச் சுற்றி மேலும் கீழுமாக வளைவதைக் காட்டினேன். தாளில் தட்டையாகத் தெரிந்தது நாலாபக்கமும் பரவியிருக்கிறது என்பது சிலருக்கு அப்போதுதான் புரிந்தது. கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் காந்தப்புலம் கிடையாதா என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். கைப்பேசியை மூடிவிட்டு, காந்த ஊசியை எடுத்து அந்த இடைவெளியில் வைத்துக் காட்டினேன்; அங்கேயும் புலம் இருப்பதால் ஊசி திரும்பி நின்றது.

தலைமையாசிரியரிடம் பேசி, நுண்ணோக்கிகளுக்கும் காந்த ஊசிகளுக்கும் முதலில் விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம். மீதித் தொகைக்கு ஒரு டேப்லெட் வருமா என்று பிறகு பார்க்கலாம். ஆட்டு இதயத்துக்கு வெள்ளிக்கிழமை சொல்லிவைத்திருக்கிறேன், குழாய் இரண்டு விரல் நீளத்தோடு.