மறு: வெறும்வயிற்றுப் பயிற்சியா, பட்டினிப் பயிற்சியா?

> "பட்டினிப் பயிற்சி" என்றே வைத்துவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம் ஐயா. இரவு உணவுக்குப் பின் எதுவும் சாப்பிடாமல் காலையில் செய்யும் உடற்பயிற்சிக்கு நம் கலைச்சொல் தொகுப்பில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. நீங்கள் சொன்னது சுருக்கம்தான், ஆனால் பொருள் தவறிவிடுகிறது. நாள்கணக்கில் உணவில்லாமல் உடல் தன் புரதத்தையே கரைக்கத் தொடங்கும் நிலைக்கு உடலியலில் "பட்டினி" என்ற சொல் தேவை. நாம் பேசுவது இரவு எட்டரைக்குச் சாப்பிட்டவர் காலை ஐந்தரைக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடுவதை. இடைவெளி ஒன்பது மணி நேரம். "நோன்பு" என்றாலும் சிக்கல்தான்: ரமலான் நோன்பில் பகலில் தண்ணீரும் கிடையாது, இங்கே தண்ணீர் கட்டாயம். சென்னைப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ஓடுபவரிடம் தண்ணீர் கூடாது என்று ஒரு சொல் உணர்த்தினால் அது ஆபத்து.

ரத்தப் பரிசோதனைக்குப் போகிற எல்லோருக்கும் "வெறும் வயிறு" தெரியும். அதையே எடுத்து "வெறும்வயிற்றுப் பயிற்சி", "உண்டநிலைப் பயிற்சி" என்று இணையாக வைக்கலாம்.

> தசையில் கிளைக்கோஜன் தீர்ந்த நிலைக்கும் இதே சொல்லை ஆளலாமா?

கூடாது. இரண்டும் வேறு. கிளைக்கோஜன் என்பது கல்லீரலும் தசையும் சேர்த்துவைக்கும் குளுக்கோஸ் இருப்பு. இரவில் மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைத் தருவது கல்லீரல், அதனால் விடியும்போது குறைந்திருப்பது கல்லீரலின் கிளைக்கோஜன். தசைக் கிளைக்கோஜன் பெரும்பாலும் அப்படியே இருக்கும். குளுக்கோஸை ரத்தத்தில் விடுவதற்கான குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸ் நொதி தசையில் இல்லை, அங்கே சேர்ந்தது அங்கேயே செலவாக வேண்டும். தசையின் இருப்பைக் கரைக்க முந்தைய மாலை கடும் பயிற்சி செய்து, பிறகு மாவுச்சத்தைத் தவிர்க்க வேண்டும். அதற்குத் தனியாக "கிளைக்கோஜன்-குறை பயிற்சி" என்று வைப்போம்.

> "கொழுப்பெரிப்புப் பயிற்சி" என்றால் வாசகருக்கு உடனே புரியுமே?

தவறாகப் புரியும். வெறும் வயிற்றில் இன்சுலின் தாழ்ந்திருப்பதால் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்துக்கு வருகின்றன. மெதுவாகச் சுருங்கும் வகைத் தசையிழைகளுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளும் கூடுதலாகக் கரைகின்றன. சாப்பிட்டுவிட்டு ஓடினால் இன்சுலின் இதைத் தடுத்து, தசையைக் குளுக்கோஸ் பக்கம் திருப்பிவிடும். ஆனால் ஓடும்போது எரியும் கொழுப்பு வேறு, உடம்பில் குறையும் கொழுப்பு வேறு. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 20 இளம்பெண்கள் நான்கு வாரம் உணவைக் குறைத்துப் பயிற்சி செய்தார்கள். வெறும்வயிற்றுக் குழு, உண்ட குழு இரண்டிலும் கொழுப்பு ஏறக்குறைய ஒரே அளவே குறைந்தது. பலனுக்குப் பெயர் வைத்தால் இல்லாத வாக்குறுதி ஒன்று சொல்லிலேயே ஏறிவிடும்.

தசைக்குள் நடக்கும் மாற்றம் உண்மையானது, அதை விளக்கத்தில் சேர்க்கலாம். 2011இல் வெளிவந்த பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வில், ஆறு வாரப் பயிற்சிக்குப் பின் சிட்ரேட் சிந்தேஸ் முதலான, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளின் செயல்பாடு வெறும்வயிற்றுக் குழுவில்தான் கூடியது. ஒரு மணி நேர மிதிவண்டிச் சோதனையிலோ இரு குழுவும் ஒரே அளவுதான் முன்னேறின. உண்ட குழுவுக்குப் பயிற்சிக்கு முன் கொடுத்தது சுமார் 160 கிராம் மாவுச்சத்து. இட்லிக்கு 10 கிராம் என்று வைத்தால் 16 இட்லி! ஆகவே "உண்டநிலை" என்னும் பதிவில் அளவையும் நேரத்தையும் குறிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு இட்லி தின்றுவிட்டு அந்த ஆய்வோடு ஒப்பிட முடியாது.

> காபி குடித்தால் வெறும் வயிறு போய்விடுமா?

பாலும் சர்க்கரையும் சேர்ந்த ஃபில்டர் காபி குடித்தால் போய்விடும். இளநீரிலும் சர்க்கரை உண்டு. சர்க்கரை போடாத கடுங்காப்பி, தண்ணீர், உப்பு கலந்த தண்ணீர் மூன்றும் சரி.

பதிவின் வரைவு:

வெறும்வயிற்றுப் பயிற்சி: இரவு உணவுக்குப் பின் 8 முதல் 12 மணி நேரம் கலோரி எதுவும் எடுக்காமல், தண்ணீர் குடித்துச் செய்யும் தாங்குதிறன் பயிற்சி. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், 60 முதல் 90 நிமிடம். வேக ஓட்டங்களுக்கு ஏற்றதல்ல, வேகம் விழலாம். நீரிழிவுக்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழும் அபாயம் உண்டு, மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

"தாங்குதிறன்" என்பதற்குப் பதில் சிலர் "சகிப்புத்தன்மை" என்று எழுதுகிறார்கள். அது மனத்தின் குணம், தசையின் திறனைச் சொல்லாது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பின் தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன்.