மேலத்தெரு குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

பெரியப்பா: 14ஆம் தேதி ஐயாவுக்கு முதல் வருஷத் திதி. ஃபிரேம் போட அந்த வேப்பமரத்தடிப் படம் வேண்டும். யாரிடம் இருக்கிறது?

விஜி அத்தை: செவலைக் கன்றோடு நிற்பாரே, அதுவா அண்ணே

பெரியப்பா: அதுதான்.

நித்யா: அது தாத்தா கணக்கில் மட்டும்தான் இருக்கிறது பெரியப்பா. பாஸ்வேர்டு சரியாக விழுகிறது. ஓடிபி அவர் பழைய நம்பருக்குப் போகிறது.

விஜி அத்தை: பாஸ்வேர்டு அம்மா பெயரும் கல்யாண வருஷமும்தானே. 1968

கார்த்தி அண்ணன்: அத்தை!! குழுவில் எழுதாதீர்கள். அழியுங்கள்.

விஜி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நித்யா: அத்தை, செவலைக் கன்றை அழித்துவிட்டீர்கள். 1968 அப்படியே இருக்கிறது.

மணி சித்தப்பா: நம்பர் என்ன ஆனது?

விஜி அத்தை: ரீசார்ஜ் பண்ணாமல் விட்டது யார் என்று நான் சொல்ல வேண்டாம்

கீதா சித்தி: எல்லோருக்கும்தான் அப்பா, அண்ணி.

நித்யா: போன வாரம் அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஓசூரில் ஒருவர் எடுத்தார். தாத்தா ஓடிபி எல்லாம் தனக்கு வருகிறதென்று சிரிக்கிறார்.

பெரியப்பா: அடப்பாவி

கார்த்தி அண்ணன்: அவர் மேல் தப்பில்லை அப்பா. துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்துவிட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் எல்லோரையும் பாஸ்வேர்டு, ஓடிபிக்குப் பதிலாக பாஸ்கீ போடச் சொல்கிறேன். அது இரண்டு பாதி. ஒரு பாதி உங்கள் போனிலேயே இருக்கும், விரல் வைத்தால்தான் அசையும். மறு பாதி தளத்திடம். அதைத் திருடினாலும் உள்ளே வர முடியாது. போலித் தளம் கேட்டாலும் போகாது, அசல் முகவரிக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

விஜி அத்தை: ஐயா விரலுக்கு எங்கேப்பா போவது

கார்த்தி அண்ணன்: அதுவும் சரிதான். இனிமேலாவது நமக்கென்று ஒரு மாஸ்டடான் சர்வர் வைத்துக்கொள்ளலாம். ட்விட்டர் மாதிரி பதிவு போடும் தளம்தான், 2016இல் ஜெர்மனியில் தொடங்கியது. ஒரே முதலாளி கிடையாது. இமெயில் மாதிரி ஆளுக்கொரு சர்வர், ஆனாலும் ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம். 2019 நவம்பரில் ட்விட்டரோடு கோபித்துக்கொண்டு நம் ஆட்கள் கும்பலாகப் போனார்களே, அங்கேதான்.

மணி சித்தப்பா: நானும் போனேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

கீதா சித்தி: அதாவது தனிக்குடித்தனம், ஆனால் போக்குவரத்து உண்டு.

விஜி அத்தை: உனக்குப் பழக்கமானதுதான் கீதா

பெரியப்பா: காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்.

நித்யா: ஒரு சர்வர் பிடிக்காமல் இன்னொன்றுக்குப் போனால்?

கார்த்தி அண்ணன்: பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். போட்ட பதிவுகள் கூட வராது, பழைய சர்வரிலேயே கிடக்கும்.

மணி சித்தப்பா: நம் பாகப்பிரிவினை மாதிரியே இருக்கிறது. ஆட்கள் போகலாம், அண்டா பெரிய வீட்டில்.

பெரியப்பா: எந்த அண்டா?

விஜி அத்தை: பித்தளை அண்டா என் சீர். அதை யாரும் பேச வேண்டாம்

மணி சித்தப்பா: கார்த்தி, அந்த சர்வருக்கு அட்மின் யார்?

கார்த்தி அண்ணன்: நான்தான் சித்தப்பா.

மணி சித்தப்பா: நாங்கள் தனியாக அனுப்பிக்கொள்வதை நீ படிக்க முடியுமா?

கார்த்தி அண்ணன்: முடியும். மாஸ்டடானில் தனிச்செய்திக்கு முழுப் பூட்டு இல்லை. ஆனால் நான் படிக்க மாட்டேன்.

மணி சித்தப்பா: ஆக, சாவி மறுபடியும் பெரிய வீட்டில்.

கீதா சித்தி: இங்கேயே இருந்துகொள்ளலாம்.

நித்யா: கார்த்தி அண்ணா, லாகின் பக்கத்தில் கீழே பேக்கப் கோடு என்று ஏதோ கேட்கிறது.

கார்த்தி அண்ணன்: இரட்டைப் பூட்டு போடும்போது கொடுப்பார்கள். போன் தொலைந்தால் அதைப் போட்டுத் திறக்கலாம். ஒரு எண் ஒரு தடவைக்குத்தான். தாத்தா அதையெல்லாம் எங்கே எடுத்து வைத்திருக்கப் போகிறார்

விஜி அத்தை: எட்டு எட்டு நம்பராக இருக்குமா?

கார்த்தி அண்ணன்: இருக்கும். ஏன்?

விஜி அத்தை: பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் பச்சை மையில் பத்து வரி எழுதியிருந்தார். இரண்டை அடித்திருந்தார். சீட்டுக் கணக்கு என்று நினைத்தேன்

நித்யா: தாத்தா!!!

பெரியப்பா: பஞ்சாங்கம் எங்கே?

விஜி அத்தை: காரியம் முடிந்து மணிதான் ஐயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்

பெரியப்பா: மணி

பெரியப்பா: மணி?

நித்யா: நீல டிக் விழுந்துவிட்டது பெரியப்பா.

கீதா சித்தி: அண்ணி, திதிக்கு வாழைக்காயா, சேனையா? எத்தனை பேர்?

விஜி அத்தை: வாழைக்காய். பேர் அண்ணன் சொல்லட்டும்

மணி சித்தப்பா: பெட்டி பரண் மேல் இருக்கிறது. ஏணி வேண்டும்.

கீதா சித்தி: ஏணி எதிர் வீட்டுக்காரர் வாங்கிப் போனது. அவர்கள் வெள்ளிக்கிழமைதான் ஊரிலிருந்து வருவார்கள்.